பஸ்ஸில் போவேன் என்று சொன்ன பிள்ளைக்காக ஒரு நன்றி மடல்

தாராசுரத்திலிருந்து எல்லோருக்கும் வணக்கம்.

வரும் தை மாதத்தோடு என் மகன் கும்பகோணத்து அச்சகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. அவனுக்கு 20 வயது. டவுன் சிண்ட்ரோமோடு, அதாவது அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் பிறவி நிலையோடு பிறந்தவன். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு இவன் என்ன செய்வான் என்ற கவலையோடுதான் பல வருடம் படுத்து எழுந்தேன். அந்த வருடங்களில் கூட நின்றவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதவில்லை, அதனால் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. படிக்கும்போது உங்களைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வந்த சிறப்பாசிரியருக்கு. டீச்சர், 2019-ல் அவன் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு அவனிடம் கேட்டீர்கள்: "பெரியவனானதும் காலையில எழுந்து எங்கப்பா போவ?" வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினீர்கள். அவன் ரொம்ப நேரம் யோசித்தான். "பஸ்ல போவேன்" என்றான். பதினான்கு வருடமாக அவனுக்காக நான்தான் எல்லோருக்கும் பதில் சொல்லி வந்தேன். அவனுக்கு ஒரு பதில் இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை. நீங்கள் சிரிக்காமல் அதை நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். சரி, பஸ்ஸிலிருந்தே தொடங்குவோம் என்றீர்கள்.

கொரோனாவில் பஸ் பழக்கமே விட்டுப்போனது. மறுபடி தொடங்கியபோது முதல் நாளிலிருந்து பழக்க வேண்டியிருந்தது. அவன் அப்பா டூவீலரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் இலவசம். ஆனாலும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை எடுத்துக் காட்டி, தன் கையால் டிக்கெட்டை வாங்க வேண்டும் என்பது டீச்சர் போட்ட விதி. அந்தக் கூட்டத்திலும், அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுக்கும்வரை பொறுமையாக நின்ற நடத்துநர் அண்ணனுக்கு நன்றி. "காந்தி பூங்கா வந்தா நானே சொல்லிடறேன்" என்று நீங்கள் சொல்ல, "வேணாம், நான் பாத்துக்கறேன்" என்றானாம். அதை நீங்கள் எனக்குப் போன் போட்டுச் சொன்னீர்களே, அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

பிளஸ் டூ தேர்வில் அவன் சொல்லச் சொல்ல எழுதிய ஆசிரியருக்கும் நன்றி. கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட நீங்கள் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் 18 வயது முடிந்தது. அதற்குள் என்னவெல்லாம் செய்து வைக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பெற்றவர்கள்தானே காப்பாளர் என்று நினைத்திருந்தேன். 18 முடிந்த மறுநாளிலிருந்து சட்டப்படி நாம் காப்பாளர் இல்லை. அவனுடைய உதவித்தொகை வந்துகொண்டிருந்த கணக்கை ஒரு வங்கிக் கிளையில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவன் கையெழுத்து ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறதாம். நாலு மாதம் அலைந்தோம். அப்போது பெற்றோர் குழுவில் இருந்த ஒரு அக்கா, 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் 18 வயதுக்குப் பிறகும் காப்பாளராக வழி இருக்கிறது, ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு ஒன்று உண்டு, அங்கே விண்ணப்பம் போடு என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தார். அக்கா, உங்கள் மகளுக்கு அன்று காய்ச்சல் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அந்தக் குழுவில் ஆட்சியரோடு ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏன் அப்படி வைத்தார்கள் என்று தஞ்சாவூரில் குழு முன்னால் போய் நின்றபோது புரிந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அந்த உறுப்பினர் என் கணவரைக் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவனைப் பார்த்து, "தம்பி, உங்க பணத்தை அம்மா பாத்துக்கிட்டா சம்மதமா?" என்றார். அவன், "பேங்க்ல அம்மா. சம்பளம் என் கையில" என்றான். அப்போது அவனுக்கு வேலையே கிடைத்திருக்கவில்லை! எதற்கெல்லாம் காப்பாளர் தேவை என்று குழு பார்க்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அய்யா, நீங்கள் அதை வெறும் படிவமாக விடாமல் அவனுடைய வார்த்தையாகவே கேட்டுக்கொண்டீர்கள். இன்றுவரை சம்பளம் அவன் கையில்தான்.

வேலைக்கு வருகிறேன். டீச்சர் அவனை மூன்று இடத்தில் ஒவ்வொரு வாரம் பழக விட்டார். செடி நாற்றுப் பண்ணையில் கையில் மண் ஒட்டினால் அவனுக்குப் பிடிக்கவில்லை. பாத்திரக் கடைச் சத்தம் ஆகவில்லை. அச்சகத்தில் யாரும் சொல்லாமலே காகிதக் கட்டை எடுத்து மேசையில் தட்டித் தட்டி விளிம்பைச் சமன் செய்தான். அச்சக அண்ணாச்சி அதைக் கவனித்தார்.

பில் புத்தகத்துக்கு வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள் வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். அண்ணாச்சி சுவரில் மூன்று நிறத்திலும் ஒவ்வொரு துண்டு ஒட்டி வைத்தார். 50 பில் என்று எண்ண அவனுக்கு வராது. ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே சிவப்புக் கோடு போட்டு, தாள் கோட்டைத் தொட்டால் ஒரு புத்தகம் என்றார். இதுவரை ஒரு புத்தகமும் திரும்பி வரவில்லை. பாதிச் சம்பளத்துக்கு அனுப்புகிறேன் என்று நான்தான் சொன்னேன். "மத்தவங்களுக்கு என்ன கூலியோ அதே கூலிதாம்மா" என்று முடித்துவிட்டீர்கள். அண்ணாச்சி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

தீபாவளி போனஸில் அவனே அல்வா வாங்கி, கால் கால் கிலோவாகப் பொட்டலம் போட்டு உங்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டான். டீச்சர், மாற்றலாகிப் போன பிறகு உங்கள் முகவரி எங்களிடம் இல்லை. உங்கள் பொட்டலம் ஃபிரிட்ஜில் இருக்கிறது. யாரையும் தொட விடவில்லை. இதைப் பார்த்தால் ஒரு போன் போடுங்கள். அவனே பஸ்ஸில் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறான்.

அன்புடன்,
அவன் அம்மா