குஞ்சைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் பொரிப்பகத்துக்கு வரும் பெற்றோரில் பலர், வளர்த்து விற்பதற்காக அல்லாமல், பிள்ளைகளின் ஆசைக்காகவே நாட்டுக்கோழிக் குஞ்சுகளை வாங்கிச் செல்கிறார்கள். இனி 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கையில் எங்கள் பணியாளர்கள் குஞ்சைக் கொடுக்க மாட்டார்கள். அட்டைப்பெட்டியில் இட்டுப் பெரியவர்களிடம் மட்டுமே கொடுப்பார்கள். கடை வாசலில் சில பிள்ளைகள் அழக்கூடும் என்று தெரிந்தேதான் இம்முடிவுக்கு வந்தோம்.

சென்ற ஆண்டு நாங்களே ஒரு சிறுமியின் கையில் கொடுத்த குஞ்சு, அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற சில நிமிடங்களில் இறந்துபோனது. நழுவிவிடுமோ என்று அவள் இறுகப் பிடித்திருந்தாள், அவ்வளவுதான். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே இருந்து மூச்சிழுக்க உதவும் தசை) கிடையாது. மார்பெலும்பு அசைந்து கொடுத்தால்தான் காற்று உள்ளே போய் வரும். ஆகவே அலகும் மூக்கும் திறந்தே இருந்தாலும், மார்பைச் சுற்றி விரல்கள் இறுகினால் குஞ்சுக்கு மூச்சு நின்றுவிடும். அதை அன்று நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது கடினமன்று. முதலில் தரையில் சம்மணமிட்டு உட்காரச் செய்யுங்கள். நின்றுகொண்டு தூக்கும் பிள்ளையின் கையிலிருந்து துள்ளி விழும் குஞ்சுக்குக் கால் ஒடியும். பிறகு, கோயிலில் பிரசாதம் வாங்குவது போல இரு உள்ளங்கைகளையும் சேர்த்து, அதில் சிறிது குருணையை வைத்துக்கொண்டு, கையைத் தரையோடு தாழ்த்தி வைத்திருக்கச் சொல்லுங்கள். குஞ்சு தானாக ஏறி வரட்டும். தலைக்கு மேலிருந்து இறங்கும் கையைக் கண்டால் பருந்தைக் கண்டது போலப் பதறி ஓடும். காலையோ இறக்கையையோ பிடித்துத் தூக்கவே கூடாது. பளபளக்கும் எதையும் கொத்திப் பார்ப்பது குஞ்சின் இயல்பு என்பதால், கண்ணுக்கு அருகே கொண்டுபோகவும் விடாதீர்கள். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பார்கள். தாய்க்கோழிக்குப் பொருந்தும் அப்பழமொழி, கூடத்தில் ஓடியாடும் பிள்ளைகளின் கால்களுக்குப் பொருந்தாது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் கையில் வேண்டாம், குஞ்சு குளிர்ந்துவிடும். முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை; பின்னர் வாரந்தோறும் 3 டிகிரி அளவில் குறைத்துக்கொண்டே வரலாம். தொட அனுமதியில்லாத சிறு பிள்ளைகளுக்கு இதில் ஒரு வேலை உண்டு: குஞ்சுகள் சூட்டுக்காக எரியவிடும் பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்குகின்றனவா, அல்லது வாயைத் திறந்துகொண்டு ஓரமாக ஒதுங்குகின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நெருங்கினால் குளிர்கிறது, ஒதுங்கினால் சூடு அதிகம். எங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைக்கு, குஞ்சைத் தூக்குவதைவிட இந்த வேலையே பெரிய அதிகாரமாகத் தெரிகிறது.

குஞ்சு எவ்வளவு நலமாகத் தோன்றினாலும், அதன் எச்சத்திலும் மயிரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும். நோய் எதிர்ப்பாற்றல் முழுமையாக வளராத, எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கு அது கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் தரும். வயது வரம்பு வைத்ததற்கு இதுவும் காரணம். முத்தமிடுவது, தின்பண்டத்தோடு தொடுவது, பெட்டியைச் சமையலறையில் வைப்பது ஆகியவை கூடாது. தொட்டபின் சோப்பு போட்டு 20 விநாடி கைகழுவ வேண்டும். பெரியவர்கள் உடன் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் குஞ்சையும் இனி விற்பதில்லை, குறைந்தது மூன்று. துணையின்றி இருக்கும் குஞ்சு இடைவிடாமல் கத்தும். கத்துகிறதே என்று பிள்ளை அதைக் கையிலேயே வைத்திருக்கும். திருவிழாக் கடைகளில் கிடைக்கும் சாயக் குஞ்சுகளைச் சிலர் கேட்கிறார்கள். அவற்றை நாங்கள் ஒருபோதும் விற்றதில்லை.

சனிக்கிழமை காலைகளில் பிள்ளைகளை அழைத்து வந்தால், வாங்குவதற்கு முன்பே பத்து நிமிடம் உட்காரவைத்துப் பழக்கிக் கொடுக்கிறோம். வாசலில் குழாயும் சோப்பும் வைத்திருக்கிறோம். குஞ்சு வாங்காமல் பார்த்துவிட்டு மட்டும் போகிறவர்களும் கைகழுவிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பொரிப்பக உரிமையாளரும் பணியாளர்களும்