மதிப்புரை வேண்டாம், ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சிறு பதிப்பகங்களைப் பற்றி வந்த கட்டுரையில், "இணையத்தில் நாலு பேர் கூடி, தாங்களே எழுதி, தாங்களே அச்சடித்து, தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள்" என்று ஒரு வரி இருந்தது. எழுதியவரை விடுங்கள். நீங்கள் அதைப் படித்துப் பார்த்தும் அச்சுக்கு அனுப்பினீர்களே, அதுதான் மனதைச் சுட்டது.

1959-இல் 'எழுத்து' என்ற சிற்றிதழ் வந்தபோது அதை எத்தனை பேர் வாங்கினார்கள்? அதை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததை உங்கள் இதழில்தான் நான் படித்தேன். அவர் செய்தால் தொண்டு, இன்றைக்குப் பிள்ளைகள் அதையே செய்தால் இளப்பமா? வாசகசாலை என்ற அமைப்பு இலக்கியக் கூட்டங்களாகத் தொடங்கி இணைய இதழாகவும் பதிப்பகமாகவும் வளர்ந்ததும், ஜெயமோகனின் வாசகர்கள் கூடி 2010 முதல் விஷ்ணுபுரம் விருது கொடுத்து, பிறகு அதே பெயரில் பதிப்பகமும் வந்ததும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

நான் குடியாத்தத்தில் இருந்துகொண்டு மெய்ப்புப் பார்ப்பவள். எங்கள் பதிப்பகம் ஒரு வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் பிறந்தது. அலுவலகம் என்றால் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடி அறை. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் இணைய இதழில் எழுதிய கதைகளைத்தான் முதலில் போட்டோம். வந்ததை அப்படியே அள்ளி அச்சுக்குக் கொடுத்துவிடவில்லை. குழுவில் சண்டை போட்டு ஒரு கதையை முழுசாக எடுத்தோம். இன்னொரு கதையின் முடிவை அவர் திரும்ப எழுதினார். யூனிகோடிலிருந்து அச்சு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். பக்கம் பக்கமாகத் தேடிப் பிடிக்க வேண்டும். ஷார்ஜாவில் இரவுப் பணியில் இருக்கும் நண்பர் ஒருவர் கடைசி மெய்ப்பைப் பார்த்தார். மயிர் எடுத்த தோலைச் சுண்ணாம்புக் குழியில் இறக்குவதாக ஒரு வரி முன்பின்னாகிக் கிடந்தது. சுண்ணாம்பில் ஊறினால்தானே மயிர் கழலும் என்று ஆம்பூர்க்காரர் ஒருவர் கேட்ட பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. சென்னையில் எந்த அலுவலகத்தில் இதைக் கண்டுபிடித்திருப்பார்கள், சொல்லுங்கள்.

போட்டது 100 பிரதி. தேவைக்கேற்ப அச்சடிக்கும் வசதி வந்ததால் முடிந்தது. என் அப்பா தன் கவிதைகளைப் போடச் சொல்லி ஒரு பெரிய பதிப்பகத்துக்குப் பணம் கட்டினார். அந்தக் காலத்தில் 1000 பிரதி. கணக்கும் வரவில்லை, கடிதத்துக்குப் பதிலும் வரவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கிய கட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் கரையான் தின்றது. அந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களுக்கு உங்கள் இதழில் அரைப் பக்க மதிப்புரை தவறாமல் வரும். நாங்கள் எழுத்தாளரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. கடைக்காரருக்கு 35, 40 சதவீதம் கழிவு போக மிஞ்சுவது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாததா?

குறைந்த கட்டணத்தில் புத்தகம் அனுப்ப உதவிய பதிவு நூல் அஞ்சலை 2024 டிசம்பரில் தபால் துறை நிறுத்தியதே, அப்போது எங்களைப் போன்றவர்கள் திண்டாடிப் போனோம். அதற்குப் பதிலாக அடுத்த மே மாதம் 'ஞான் போஸ்ட்' என்ற புத்தக அஞ்சல் வரும்வரை தபால் செலவு கையைக் கடித்தது. அதைப் பற்றி நீங்கள் ஒரு பெட்டிச் செய்திகூடப் போடவில்லை. வேலூர் என்றால் வெயில், ஆஸ்பத்திரி, கோட்டை. ஜூலை பிறந்தால் 1806 சிப்பாய்ப் புரட்சிக்கு ஒரு பக்கம். அவ்வளவுதான் எங்கள் ஊர் உங்களுக்கு. எழுத்தாளர் மு.வ. (மு. வரதராசன்) இந்த வடாற்காட்டுக்காரர். 1989 வரை இதே மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையிலிருந்துதான் வம்சி பதிப்பகத்தின் புத்தகங்கள் வருகின்றன. இந்தப் பக்கம் படிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் இல்லாமலா இதெல்லாம் நடந்தது?

உங்கள் விதிப்படி மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்பியிருந்தோம். வந்து சேர்ந்ததா என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "சென்னையில் யார் விற்பனை உரிமை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் அப்படிப் பேசுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்து உங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறவள் நான்.

மதிப்புரை கேட்கவில்லை. 'வரப்பெற்றோம்' பகுதியில் நூலின் பெயர், ஆசிரியர் பெயர், விலை, தொடர்பு எண், இவ்வளவு மட்டும் ஒரு வரி போடுங்கள். பதிப்பகத்தின் ஊர் குடியாத்தமோ ஆரணியோ, இருக்கிறபடியே போடுங்கள். இடமில்லை என்றால் அந்த இரண்டு பிரதிகளையும் உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.