நீர்யானைக்கு ஷாட்கன் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென் ஆப்பிரிக்காவில், குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடக்கே ஹ்லூலுவே ஊருக்கு வெளியே குடியிருக்கிறேன். பண்ணைகளுக்கும் காட்டு விடுதிகளுக்கும் சோலார் பம்ப் மாட்டிக் கொடுப்பது என் தொழில். சொந்த ஊர் புளியங்குடி.

ஆப்பிரிக்கக் காட்டுப் பகுதிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நல்ல பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும், ரவை சிதறிச் சுடும் துப்பாக்கி) ஒன்று வாங்கிக்கொண்டால் எந்த மிருகத்துக்கும் பயப்பட வேண்டாம் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு என் தங்கை மகன் போன் போட்டான். இங்கே ஒரு விடுதிக்கு வேலைக்கு வரப்போகிறான். “மாமா, எந்தக் கம்பெனி துப்பாக்கி நல்லது?” என்று கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில், அவனால் வாங்கவே முடியாது. 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இந்நாட்டுக் குடிமகனாகவோ நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவராகவோ இருக்க வேண்டும். வேலை விசா போதாது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும், பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும், வீட்டில் இரும்புப் பெட்டகம் இருக்க வேண்டும். தற்காப்புக்கான உரிமத்தில் அரைத் தானியங்கி ஷாட்கன் (சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது) கிடையாது. உரிமமும் ஐந்து வருடத்துக்குத்தான்.

என்னிடம் இருப்பது பழைய 12 போர் (குழலின் அளவு) பம்ப் ஷாட்கன். இருபது அங்குலக் குழல், மேலே எந்த அலங்காரமும் இல்லை. இரட்டைக் குழல் துப்பாக்கியும் நல்லதுதான், அதில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டே வெடி. பம்பில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டாலும் முன்கட்டையை இழுத்துத் தள்ளினால் அடுத்தது வந்துவிடும். வாங்கும்போது, இருட்டில் பாதுகாப்புப் பூட்டு விரலுக்குத் தானாக அகப்படுகிறதா என்று பாருங்கள். பம்ப் ஷாட்கன்களில் மாஸ்பெர்க் 500 என்ற மாடலில் அது மேலே கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும், ரெமிங்டன் 870-இல் விசைக்குப் பின்னால் இருக்கும். இரண்டில் எது கைக்குப் பழகுகிறதோ அதை எடுங்கள். கம்பெனிப் பெயருக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

பம்ப் ஷாட்கனில் தோட்டா சிக்கவே சிக்காது என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பயிற்சிக்குப் போன முதல் நாள் ஆறு தோட்டா சுட்டேன். அவசரத்தில் முன்கட்டையை முழுக்க இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளியதால் இரண்டு தடவை வெற்றுத் தோட்டா வாயிலேயே சிக்கிக்கொண்டது. துப்பாக்கியில் குறை இல்லை, கையில்தான் குறை. அப்புறம் ஒரு மாதம், ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போலித் தோட்டாவைப் போட்டு இழுத்து இழுத்துப் பழகினேன்.

தோட்டாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர் தன் துப்பாக்கியைப் பக்கியின் சீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்திருப்பார் (பிக்அப் வண்டியை இங்கே பக்கி என்பார்கள்). தோட்டாக்கள் டாஷ்போர்டில் இரண்டு மழைக்காலம் கிடந்தன. கரும்புக்குள் பன்றி புகுந்த ஒரு ராத்திரி நானும் கூட இருந்தேன். முதல் வெடி பன்றியின் பின்காலில் பட்டது. இரண்டாவது தோட்டா பாதி நுழைந்து நின்றுவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அதன் பித்தளை அடிப்பகுதி பச்சை பூத்து உப்பியிருந்தது. காயம்பட்ட பன்றி கரும்புக்குள் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் விடியும்வரை பக்கியை விட்டு இறங்கவில்லை. அன்றிலிருந்து, குழலைத் தனியாகக் கழற்றி நிறுத்தி, ஒவ்வொரு தோட்டாவையும் பின்பக்கம் வழியாகப் போட்டுப் பார்க்கிறேன். ‘டக்’கென்று தானாக இறங்க வேண்டும். விரலால் அழுத்த வேண்டியிருந்தால் அதைத் தனியே வைத்துவிடுவேன்.

சரி, இவ்வளவும் எதற்கு உதவும்? பத்துப் பன்னிரண்டு அடியில் பாய்கிற சிறுத்தைக்கு உதவும். அதன் தோல் மெல்லியது. காயம்பட்ட சிறுத்தையைத் தேடிப் போகும்போது தொழில்முறை வேட்டைக்காரர்களும் பெரிய ரவை போட்ட ஷாட்கனைக் கொண்டு போவதுண்டு. எருமை, யானை, நீர்யானைக்கு உதவாது. ரவைக்குப் பதில் ஒரே கனத்த குண்டு வைத்த தோட்டா போட்ட ஷாட்கனைக் கரடிக்காக எடுத்துப்போவது அலாஸ்காப் பழக்கம். அங்கேயும் 1983-இல் அமெரிக்க வனத்துறை வெளியிட்ட சோதனையில் .458, .375 (குண்டின் அளவு, அங்குலத்தில்) போன்ற கனத்த ரைபிள்கள்தான் அந்தக் குண்டைவிட முன்னே நின்றன. எங்கள் பக்கத்து இம்ஃபோலோசி காட்டில் 1959 முதல் ஆட்களை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். முன்னே நடக்கும் வழிகாட்டி தோளில் மாட்டியிருப்பதும் ரைபிள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் செயின்ட் லூசியா பக்கம் ஒரு வேலை முடிந்து, சாயங்காலம் கழிமுகத்தை ஒட்டிய பாதையில் நடந்து வந்தேன். வேலை கொடுத்தவரின் எழுத்து அனுமதியோடு துப்பாக்கி என் தோளில் இருந்தது. நாற்பது அடியில் ஒரு நீர்யானை, புல் மேய வெளியே வந்திருந்தது. தண்ணீருக்கும் அதற்கும் நடுவே நான். அந்த இடத்தில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன். தோளிலிருந்து இறக்கி, பூட்டைத் தள்ளி, குறி பார்த்துக்கொண்டு நின்றேன். வெறுங்கையோடு இருந்திருந்தால் பார்த்த மாத்திரத்தில் பக்கவாட்டில் விலகியிருப்பேன். அது வாயைத் திறந்து ஒரு தடவை உறுமியபோதுதான் புத்தி வந்தது. மெதுவாகப் பின்வாங்கி மரங்களுக்குள் ஒதுங்கினேன். அது நேராகத் தண்ணீருக்கு ஓடியது. நான் நின்றிருந்த இடத்தில் மண் பெயர்ந்து கிடந்தது.

இதைத்தான் அந்த வாசகரின் கடிதம் சொல்லவில்லை. நம் பையன்கள் நிறையப் பேர் இங்கே விடுதி வேலைக்கும் பண்ணை வேலைக்கும் வருகிறார்கள். துப்பாக்கி உரிமத்துக்கு யார் தகுதி என்ற விவரத்தையாவது உங்கள் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். என் மருமகனிடம் நல்ல டார்ச் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இருட்டினால் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை என்றும் வாக்கு வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
புளியங்குடி வாசகர்,
ஹ்லூலுவே, தென் ஆப்பிரிக்கா