விலா தெரியாத கப்பல்

அன்புள்ள சேகர்,

காகிதத்தில் வெட்டி ஒட்டி நீ செய்யும் கப்பல் மாதிரியின் நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல்தளத்துக் கட்டுமானம் அருமையாக வந்திருக்கிறது, ஜன்னல் வரிசை ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை. உன்னை வருத்துவது கப்பலின் பக்கவாட்டுதான். முன்முனையான அணியத்திலிருந்து பின்முனையான அமரம் வரை, உள்ளே நிற்கும் அட்டைச் சட்டங்களை விலா எலும்பு மாதிரி எண்ணிவிடலாம் போல மேடும் பள்ளமுமாக இருக்கிறது. கை பழகவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கையில் குறையே இல்லை. எல்லாம் பசையில் இருக்கும் தண்ணீர் செய்த வேலை.

ஃபெவிகால் தண்ணீர் கலந்த பசை. விலா அட்டையின் விளிம்பில் தடவி மேல்தாளை ஒட்டும்போது, ஈரம் பட்ட இடம் மட்டும் விரிகிறது, பக்கத்து இடம் அப்படியே இருக்கிறது. காயும்போது தாள் இழுத்துக்கொண்டு இரண்டு விலாக்களுக்கு நடுவில் உள்வாங்குகிறது. நாகப்பட்டினத்துக் கடற்காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், தாள் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும். அச்சிட்ட தாள்களைப் பாலித்தீன் உறையில் போட்டு வை.

இன்னொரு காரணம் நார் ஓடும் திசை. காகிதம் ஈரத்தில் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், நாரின் நீளவாக்கில் மிகக் குறைவு. ஆகவே பக்கவாட்டுத் தாளில் நார் கப்பலின் நீளத்தோடு ஓட வேண்டும். ஏ4 கட்டில் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும். கடையில் பெரிய அட்டையை வெட்டி ஏ4 ஆக்கித் தருகிறார்களே, அதில் எப்படியும் இருக்கலாம். ஒரே தாளில் நீளவாக்கில் ஒன்று, குறுக்காக ஒன்று என்று 10 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்தில் இரண்டு துண்டு வெட்டு. இரண்டையும் சேர்த்து ஒரு முனையில் பிடி. அதிகம் தொங்குவது நாருக்குக் குறுக்கே வெட்டியது.

மேல்கட்டுமானத்தைக் கழற்ற வேண்டாம். பக்கவாட்டுத் தாளை மட்டும் பிரித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சிடு. விலா விளிம்புகளை 240 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சுமார் 0.2 மி.மீ. உள்ளே தள்ளு. அந்த இடம் ஓர் அடித்தாளுக்கு. பக்கவாட்டின் வடிவத்திலேயே வெற்று 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) தாளை வெட்டி முதலில் ஒட்டு. விலா தெரிந்தால் அதில் தெரியட்டும், தேய்த்துச் சமன் செய்துகொள்ளலாம். அதன்மேல்தான் அச்சிட்ட தாள். தேய்க்காமல் அடித்தாள் ஒட்டினால் கப்பல் பருத்து, அணியத்தில் இரண்டு பக்கமும் சேராமல் வெள்ளையாக இடைவெளி விழும்.

இரண்டு அடுக்குக்கும் ரப்பர் பசையே போடு, அதில் தண்ணீர் இல்லை. இரு பரப்பிலும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வந்ததும் வைத்து அழுத்து. வைத்தபின் நகர்த்த முடியாது. அதனால் அணியத்து வளைவை முன்கூட்டியே உருண்டைப் பென்சிலில் உருட்டிப் பழக்கிவிடு. நாருக்கு எதிராக வளைக்கிறோம், பழக்காமல் ஒட்டினால் மடிப்பு விழும். அணியத்தில் முதல் 3 செ.மீ. ஒட்டி, அது பிடித்ததும் இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போ. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கப்பல் முறுக்கிக்கொள்ளும். அடிப்பலகை கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டுநாடாவால் பிடித்தபடியே இருக்கட்டும். பிதுங்கிய பசையை உடனே துடைக்காதே, இழுவிக் கறையாகும். காய்ந்தபின் விரலால் உருட்டினால் வந்துவிடும்.

அடுத்து போலந்துக் காகித மாதிரி ஒன்றை அச்சிடப்போவதாக எழுதியிருந்தாய். அங்கே கப்பல் மாதிரிகள் பெரும்பாலும் 1:200 அளவு, அதாவது நிஜக் கப்பலில் இருநூறில் ஒரு பங்கு. உன் அலமாரியில் இருப்பது ஜெர்மனியின் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் பாணி 1:250. பக்கத்தில் வைத்தால் பொருந்த வேண்டும் என்றால் 80 சதவீதத்தில் அச்சிட வேண்டும், சரிதான். ஆனால் விலா அட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் பள்ளங்களும் சேர்ந்து சுருங்குமே! 1 மி.மீ. அட்டைக்காக வரைந்த பள்ளம் 0.8 ஆகிவிடும். 1 மி.மீ. அட்டையைத் திணித்தால் விலா கோணிக்கொண்டு நிற்கும். 0.8 மி.மீ. கனத்துக்கு அட்டையைத் தேடு, அல்லது பள்ளத்தை இரண்டு பக்கமும் 0.1 அகட்டு. அச்சு இயந்திரத்தில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிடு. சொல்லாமலே இரண்டு மூன்று சதவீதம் குறைத்துவிடும். தாளிலிருக்கும் அளவுக்கோட்டை ஸ்கேலால் அளந்த பிறகே கத்தியை எடு.

வெட்டிய விளிம்பில் வெள்ளை தெரிவதையும் கேட்டிருந்தாய். சாம்பல் நிற வாட்டர்கலர் பென்சில் போதும், ஒட்டுவதற்கு முன் விளிம்பில் மட்டும் இழு. ஸ்கெட்ச் பேனா வேண்டவே வேண்டாம், மை அச்சுப் பக்கத்துக்குள் ஊறி ஓடும்.

பாய்மரக் கம்பம் 1 மி.மீ. பருமனில் வேண்டும் என்றால் 0.5 மி.மீ. கம்பியில் 80 ஜிஎஸ்எம் தாளை இரண்டரைச் சுற்றுச் சுற்று. தாள் சுமார் 0.1 மி.மீ. கனம், ஆக 6 மி.மீ. அகலம் போதும். நார் கம்பியோடு ஓடட்டும். இங்கே ஃபெவிகால்தான் சரி, ஊசிமுனை அளவு. முழு மரமும் காகிதத்திலேயே இருந்தால் கை பட்டதும் வளைந்துவிடும்.

கைப்பிடி வேலியை இந்தக் கப்பலில் விட்டுவிடு. 1 மீட்டர் வேலி நம் அளவில் 4 மி.மீ.தான், அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுகிறேன். அடித்தாள் ஒட்டி முடித்ததும், அச்சிட்ட தாளைப் போடுவதற்கு முன், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. விலா இன்னும் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ரவி