ஆவுளியாவின் கதையைக் கற்களும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உயிரினங்களின் தோற்றத்தையும் அழிவையும் கணினி வழியே கணக்கிடுவது குறித்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். இன்று வாழும் உயிரினங்களின் மரபணுக்களை ஒப்பிட்டாலே முழு வரலாறும் தெரிந்துவிடும் என்ற அதன் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் கடலில் வாழும் கடற்பசுவான ஆவுளியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் இன்று மிஞ்சியிருக்கும் கடற்பசுக்கள் நான்கு வகைதான்: ஆவுளியா ஒன்று, மனாட்டி மூன்று. இவற்றின் மரபணுவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், இது என்றுமே சிறிய கூட்டமாக இருந்தது என்றும் விடை வரலாம். பெருகிப் பின்னர் அழிந்தது என்றும் வரலாம். எது உண்மை என்று எலும்புகள்தாம் சொல்லின. குஜராத்தின் கட்ச் பகுதியில், 2 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய பாறைகளில், ஆவுளியா குடும்பத்தின் பல வகைகள் புதைபடிவங்களாகக் கிடைத்திருக்கின்றன. இன்று இந்தியக் கடலில் இருப்பதோ ஒன்றே ஒன்று.

புதைபடிவமும் முழுக் கணக்கைத் தந்துவிடாது. கரைவலையில் விழாத மீன் கடலிலேயே இல்லை என்று எந்த மீனவரும் சொல்லமாட்டார். சீலகாந்த் மீனின் புதைபடிவங்கள் டைனோசர்கள் மறைந்த காலத்தோடு நின்றுபோயின. அந்த இனமே அற்றுவிட்டது என்று நம்பினார்கள். 1938இல் தென்னாப்பிரிக்கக் கடலில் அது உயிரோடு பிடிபட்டது. அதனால்தான் இன்றைய கணினிக் கணக்கீட்டு முறைகள், இனங்கள் தோன்றும் வேகம், அழியும் வேகம் ஆகியவற்றோடு, ஓர் உயிர் படிவமாகக் கிடைப்பதற்கான வாய்ப்பையும் சேர்த்தே மதிப்பிடுகின்றன. அரிய எலும்புக்கூடு ஒன்றைவிட, எந்த அடுக்கில் எது கிடைத்தது என்ற குறிப்போடு சேர்த்த ஆயிரம் சாதாரணச் சிப்பிகள் இந்தக் கணக்குக்கு அதிகம் உதவும். உங்கள் கட்டுரை விட்டுவிட்டது இதைத்தான்.

எங்கள் கவலையும் இங்கேதான். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் கரைகளில் கடல்மட்டத்துக்கு மேலே பழைய பவளத்திட்டுகள் நிற்கின்றன. சில ஆயிரம் ஆண்டுகளே ஆனவை. புதிய இனம் தோன்றுவதை அவற்றில் காண முடியாது. ஆனால் மனிதன் கைவைப்பதற்கு முன் இங்கே எந்தப் பவளங்கள் வளர்ந்தன என்பதற்கு அவையே சாட்சி. பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்துத்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டை மூழ்கடித்தோம். கரையில் இருப்பதையும் மதில் சுவருக்கும் விடுதிக் கட்டடத்துக்கும் பறிகொடுக்கலாமா?

இத்திட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடமாக்கி, கட்டுமான அனுமதி தருமுன் அதைப் பார்ப்பதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும். அதை வலியுறுத்தி உங்கள் இதழ் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
மண்டபம்.