ஐந்து மணிக்குக் கடை சாத்தினால் சோம்பலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழ் பயணக் கட்டுரையில் அஸ்ஸாமின் டிக்பாயைப் பற்றி ‘சாயங்காலம் ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிட்டு முடங்கும் சோம்பல் ஊர்’ என்று ஒரு வரி. எழுதியவர் டிசம்பரில் இரண்டு நாள் தங்கியிருப்பார் போல. நான் 2012 முதல் மூன்று வருடம் அங்கே ஒரு வங்கிக் கிளையில் குப்பை கொட்டியவன். அடுத்த மூன்று வருடம் தூக்கிப் போட்டது குஜராத்தின் ஓகாவில். கன்னியாகுமரி – திப்ருகர், தூத்துக்குடி – ஓகா என்று இரண்டு விவேக் எக்ஸ்பிரஸ்களையும் எனக்காகவே விட்டார்களோ என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

டிசம்பரில் டிக்பாயில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் போய்விடும். ஷட்டரைப் பாதி இறக்கி, பணத்தை எண்ணி, கணக்கு நேராகி வெளியே வந்தால் நம்மூர் ஏழு மணி இருட்டு. காவலாளி டார்ச் அடித்தால்தான் பூட்டுத் துவாரம் தெரியும். ஜூனிலோ காலை நாலேகாலுக்கே வெயில் முகத்தில் விழும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஐந்து மணிக்கு வாசல் பெருக்கிக் குளித்து, வெற்றிலை பாக்கோடு ‘லால் சா’ என்கிற பால் விடாத டீயையும் முடித்திருப்பார். தேயிலைத் தோட்டங்களில் இதற்காகவே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி ‘பாகான் டைம்’ என்று வைத்திருக்கிறார்கள். சம்பளப் பணம் எடுக்க வரும் தோட்டத்துக் கிளார்க் ஒன்பது மணிக்கே வந்து, ‘எங்களுக்குப் பத்தாகிவிட்டதே சார்’ என்று பூட்டிய ஷட்டர் முன்னால் நிற்பார். அந்த நேரம் உங்கள் கட்டுரையாளர் ஓட்டல் அறையில் போர்வைக்குள் இருந்திருப்பார்.

ஓகா நேர் எதிர். ஜனவரியில் ஏழரை தாண்டித்தான் சூரியன் எட்டிப்பார்க்கும். காட்டியா என்கிற கடலைமாவுப் பலகாரம் பொரிக்கிற கடையைத் தவிர எல்லாம் மெதுவாகத்தான் திறக்கும், மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை மறுபடி சாத்திவிடுவார்கள், ராத்திரி பத்து மணிக்கு ஊரே வாசலில் உட்கார்ந்து பேசும். அந்தப் பக்கத்தைப் பற்றி முன்பு ஒரு முறை எழுதியபோது இதற்கு நீங்கள் கொடுத்த பெயர் ‘நிதானமான வாழ்க்கை’. அங்கே மதியமே தூங்கினால் நிதானம், இங்கே இருட்டியபின் கடை சாத்தினால் சோம்பல். நல்ல நியாயம்!

இரண்டு ஊருக்கும் நடுவே 26 டிகிரி தீர்க்கரேகை. சூரியனுக்கு டிகிரிக்கு நாலு நிமிடம், ஆக ஒன்றேமுக்கால் மணி நேரம். இரண்டுக்கும் ஒரே கடிகாரம், அதுவும் மிர்ஸாபூர் பக்கம் போகிற 82.5 டிகிரிக்கு வைத்தது. தங்களுக்குத் தெரியாததா? 1906-ல் பொது நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரைக்கும் பம்பாய் 1955 வரைக்கும் சொந்த நேரத்தை விடவில்லை என்பதும் தெரிந்திருக்கும். 2017-ல் வடகிழக்குக்குத் தனி நேரம் கேட்ட வழக்கை குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ‘அட்டைப்படம் அருமை’ என்ற ஒரு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். மறுவருடம் தேசிய இயற்பியல் ஆய்வகத்து விஞ்ஞானிகளே இரண்டு நேரம் வைக்கலாம் என்று கட்டுரை எழுதினார்கள். நான் மறுபடி எழுதவில்லை.

அப்புறம் உங்கள் ராகுகாலப் பட்டியல். ஓகாவில் வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சியது ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை. உங்கள் இதழைப் பார்த்துவிட்டு, ஏழரைக்குள் பால் பொங்கியாக வேண்டும் என்று மனைவி ஒரே பிடிவாதம். ஆறேமுக்காலுக்குக் கும்மிருட்டில் வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து மனுஷன் சட்டையில்லாமல் ஓடிவந்தார். அந்த ஊர் உதயப்படி கணக்குப் போட்டால் அன்று ராகுகாலம் ஆரம்பிப்பதே ஒன்பது வாக்கில்தான். இதை நான் இன்றுவரை வீட்டில் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரைக்கு மறுப்பெல்லாம் போட வேண்டாம், போடமாட்டீர்கள் என்றும் தெரியும். ராகுகாலப் பட்டியலுக்குக் கீழே ‘உதயம் காலை 6 மணி என்று வைத்துக் கணித்தது’ என்று பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தில் மற்றதை வெட்டிக்கொள்ளலாம். அட்டைப்படத்தைப் பற்றி இந்த முறை நான் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி,
பாளையங்கோட்டை