ஆவணத்தில் உள்ள ஊர்ப்பெயரை உள்ளபடி விடுங்கள்: குடும்ப மர மென்பொருள் உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குடும்ப மர மென்பொருள்களை உருவாக்கி நடத்தி வருபவர்களுக்கு,

வணக்கம்.

இடப்பெயர்களைத் தானாகத் திருத்தும் உங்கள் வசதியைப் பற்றிப் பயனர்கள் நெடுநாளாகப் புலம்பி வருகிறார்கள். அந்தப் பழைய கதையை நான் முதலிலிருந்து சொல்லப் போவதில்லை, அது உங்களுக்கே நன்றாகத் தெரியும். அண்மையில் என் குடும்ப மரத்தில் நடந்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது. எந்த மென்பொருள் என்று பெயர் சொல்லவில்லை. சொன்னால் மற்றவர்கள், இது நமக்கு இல்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். உங்களில் பலரிடம் இந்தப் பழக்கம் இருக்கிறது.

ஒரு அப்டேட் வந்தது. நிறுவி முடித்ததும் இடப்பெயர்கள் மேம்படுத்தப்பட்டதாக ஒரு வரி தோன்றி மறைந்தது. அப்புறம் மரத்தைத் திறந்து பார்த்தால், நான் ஆவணங்களைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்து வைத்திருந்த கிராமம், மாவட்டம், மாகாணம் எல்லாம் போய், இன்றைய வரைபடத்தில் உள்ள பெயர்கள் வந்து உட்கார்ந்திருந்தன. மாற்றட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழையபடி ஆக்குவதற்கு ஒரு பொத்தானும் இல்லை.

பெயர் புதிதானால் என்ன நட்டம், இடம் அதேதானே என்று உங்கள் தரப்பில் தோன்றலாம். என் கொள்ளுப்பாட்டியின் திருமணப் பதிவுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். அந்தத் திருமணம் நடந்த கிராமம் பிற்காலத்தில் வேறொரு மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. எல்லைக்கோடு நகர்ந்ததே தவிர, பதிவேடு நகரவில்லை. அது இன்றும் பழைய மாவட்டத் தலைநகரில்தான் இருக்கிறது. அதனால்தான் பழைய மாவட்டத்தின் பெயரை ஆவணத்தில் இருந்தபடியே எழுதி வைத்திருந்தேன். மரத்தை என்னோடு பகிர்ந்துகொண்டிருக்கும் என் சித்தப்பா மகளுக்கு அந்தப் பதிவின் சான்றிட்ட நகல் தேவைப்பட்டது. மரத்தைப் பார்த்தாள். அதில் இன்றைய மாவட்டம் இருந்தது. அங்கே எழுதிக் கேட்டாள். அந்த ஆண்டுக்கு அப்படியொரு பதிவேடே தங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது உண்மைதான்.

ஆவணம் இல்லாத ஒரு தகவலை வைத்திருக்கக் கூடாது என்று, திருமணத் தேதியின் பக்கத்தில் "உறுதி செய்ய இயலவில்லை" என்று அவள் குறித்துவிட்டாள். பொறுப்பான ஆராய்ச்சியாளர் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். இருக்கிற ஓர் ஆவணம் இல்லாததாகிவிட்டது. அதை எங்கே தேடுவது என்று காட்டிய ஒற்றைச் சொல்லை உங்கள் நிரல் அழித்துவிட்டு, அதற்கு மேம்பாடு என்று பெயர் வைத்தது. இந்தப் பதிவை என் குறிப்பேட்டிலிருந்து மீட்டுவிட்டேன். ஆனால் வயதானவர்கள் சொல்லச் சொல்ல நேரடியாக மரத்தில் ஏற்றிய ஊர்ப்பெயர்கள் பல இருந்தன. அவர்களில் சிலர் இன்று இல்லை. அந்தப் பெயர்களை யாரிடம் போய்க் கேட்பேன்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஆவணத்தில் உள்ள இடப்பெயரை உள்ளபடி விடுங்கள். இன்றைய பெயர் வேண்டுமானால் அதற்கு வேறு கட்டம் வையுங்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் எழுதாதீர்கள்.

வம்சாவளி ஆராய்ச்சியில் ஊர்ப்பெயர் வெறும் முகவரி இல்லை. அந்த நாளில் யார் ஆட்சி செய்தார்கள், பதிவு எந்த மொழியில் எழுதப்பட்டது, எந்த அலுவலகத்தில் சேர்ந்தது என்பதெல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. இன்று உக்ரைனில் உஷ்ஹொரோட் என்று அழைக்கப்படும் நகரத்தைப் பாருங்கள். முதல் உலகப்போர் வரை அது ஹங்கேரி அரசின் உங்வார். பிறகு செக்கோஸ்லோவாக்கியா. 1938-இல் மீண்டும் ஹங்கேரி, 1945-இல் சோவியத் ஒன்றியம், 1991 முதல் உக்ரைன். 1905-இல் அங்கே பிறந்த ஒருவர், வீட்டை விட்டு நகராமலே பல நாடுகளின் குடிமகனாக இருந்திருக்கலாம். அவருடைய பிறப்பு, திருமணம், பிள்ளைகளின் பிறப்பு எல்லாவற்றுக்கும் நேரே "உக்ரைன்" என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், அந்த வாழ்க்கையில் என்ன நடந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

நாடு மாறாத இடங்களிலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா 1863-இல்தான் தனி மாநிலம் ஆனது. 1850-இல் அந்தப் பகுதியில் பிறந்த குழந்தை வர்ஜீனியாவில் பிறந்த குழந்தை. 1750-இல் பாஸ்டனில் பிறந்தவரின் பெயருக்குப் பின்னால் "அமெரிக்க ஐக்கிய நாடுகள்" என்று ஒட்டும் மென்பொருள், இல்லாத ஒரு நாட்டில் அவரைப் பிறக்க வைக்கிறது. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரம் 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்ற பெயரில் இருந்தது. 1960-இல் அங்கே பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். அதற்கு முன்பும் பின்பும் கெம்னிட்ஸ் என்பதால் நடுவிலும் கெம்னிட்ஸ் என்று நிரப்பினால், சான்றிதழும் மரமும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. வீட்டுச் சின்னப் பிள்ளைகூட இது வேறு ஆளோ என்று கேட்கும்.

இடமே தவறாகிப் போவதும் நடக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மெட்ராஸ் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. இந்தியாவின் மெட்ராஸ் 1996-இல் அதிகாரப்பூர்வமாகச் சென்னை ஆகிவிட்டது. இன்றைய பெயர்கள் மட்டும் உள்ள பட்டியலை வைத்துக்கொண்டு, 1890-இல் மெட்ராஸில் பிறந்தவர் என்று ஒருவரைத் தேடினால், நிரல் அவரை எந்தக் கண்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும்? பெயர் முழுமையாகப் பொருந்துகிறது என்று நம்பிக்கையோடு வேறு சொல்லும். அதை நம்பி ஒருவர் ஏற்றுக்கொள்வார். அவர் மரத்திலிருந்து இன்னொருவர் நகலெடுப்பார். அப்புறம் அந்தத் தவறுக்கு நாலு பேர் சாட்சி ஆகிவிடுவார்கள்.

இன்றைய பட்டியலில் இல்லவே இல்லாத ஊர்களும் உண்டு. ரஷ்யாவின் மொலோகா நகரம் ரிபின்ஸ்க் நீர்த்தேக்கம் 1940-களில் நிரம்பியபோது தண்ணீருக்குள் போனது. அங்கே பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் தங்கள் மரத்தை வரைகிறார்கள். பட்டியலிலிருந்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது என்று உங்கள் படிவம் சொன்னால், அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது? பக்கத்து ஊரையா? அப்படித் தேர்ந்தெடுக்க வைப்பது, பொய் எழுத வைப்பதுதான்.

தேதி விஷயத்தில் உங்களுக்கு இந்த நுணுக்கம் நன்றாகவே தெரிகிறது என்பதுதான் எனக்கு அதிகக் கோபம் தருகிறது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது எழுதப்பட்ட தேதி 1731 பிப்ரவரி 11. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் நாட்காட்டியை மாற்றிக்கொண்ட பிறகு அது 1732 பிப்ரவரி 22 ஆனது. இதை எப்படிப் பதிவது என்று, ஒரு குடும்ப மர மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குத் தகவலை அனுப்பப் பயன்படும் பொதுக் கோப்பு வடிவமான ஜெட்காம் தரத்தில் வழி இருக்கிறது. ஜூலியன், ஹீப்ரு, பிரெஞ்சுக் குடியரசு நாட்காட்டிகளுக்கெல்லாம் அடையாளக் குறி இருக்கிறது. ஆவணத்தில் உள்ள தேதியை அந்த நாட்காட்டியிலேயே வைத்துக்கொண்டு, இன்றைய கணக்கைத் தனியே பார்த்துக்கொள்ளலாம். காலத்துக்குக் காட்டும் இந்த மரியாதையை இடத்துக்கு ஏன் காட்ட மறுக்கிறீர்கள்?

தொழில்நுட்பத்தில் முடியாது என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஓர் இடத்துக்குப் பல பெயர்கள் கொடுக்கலாம், ஒவ்வொரு பெயரும் எந்தக் காலத்துக்கு என்று தேதி போடலாம். அந்த இடம் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்றும் பதியலாம். ஜெர்மனியின் கணினி வம்சாவளிச் சங்கம் நடத்தும் வரலாற்று இடத் தரவுத்தளத்தில் ஒவ்வோர் ஊருக்கும் மாறாத அடையாளக் குறியீடு உண்டு. பெயர் மாறினாலும், மொழி மாறினாலும், எல்லை மாறினாலும் அந்தக் குறியீடு மாறாது. பெருமளவு தன்னார்வலர்களின் உழைப்பில் இவை நடக்கின்றன. சந்தா வசூலிக்கும் நிறுவனங்களால் முடியாதா?

ஜெட்காம் தரத்தைப் பராமரிப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. 1984-இல் தொடங்கிய இந்தத் தரம் 2021-இல் 7.0 பதிப்பாக வெளிவந்தது. அதில் ஓர் இடப்பெயரின் மொழிபெயர்ப்பையும் வெளித் தரவுத்தளக் குறியீட்டையும் சேர்த்து அனுப்ப வழி செய்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆனால் இடம் இன்னமும் அடிப்படையில் காற்புள்ளிகளால் பிரித்த ஒரு வரிதான். ஆளுக்குத் தனிப் பதிவு, குடும்பத்துக்குத் தனிப் பதிவு, மூல ஆவணத்துக்குத் தனிப் பதிவு என்று வைத்த தரத்தில் இடத்துக்குத் தனிப் பதிவு இல்லை. அதனால் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு குறியை உருவாக்கிக்கொள்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை மாற்றும்போது, பாடுபட்டுச் சேர்த்த பழைய பெயர்களும் தேதிகளும் வழியிலேயே கொட்டிப் போகின்றன. உள்ளே கவனமாக வைத்திருப்பவர்கள்கூட வெளியே அனுப்பும்போது இழக்கிறார்கள்.

பொதுவாகவே ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மென்பொருள்கள் பயனரைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகவே பார்க்கின்றன. இடம் பட்டியலில் இல்லை என்றால் சிவப்புக் கோடு. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் எச்சரிக்கை. ஐஸ்லாந்தில் பெரும்பாலானோருக்குப் பரம்பரைக் குடும்பப் பெயரே கிடையாது என்பது யாருக்கும் நினைவில்லை. நான் ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கிறேன். நிரல் அந்த ஆவணத்தைப் பார்த்ததே இல்லை. அப்படியிருக்க, எது சரி என்ற தீர்ப்பை அது எழுதுகிறது. பணம் கட்டுவதும் நாங்கள், இரவில் கண்விழித்துத் தட்டச்சு செய்வதும் நாங்கள், ஒரு காலைப்பொழுதில் எல்லாம் மாறிப்போனால் திருத்தி எழுதுவதும் நாங்கள்.

சரி, கோபத்தில் நீண்டுவிட்டது. நீங்கள் எங்கள் எதிரிகள் இல்லை. சிதறிக் கிடந்த குடும்பங்களை உங்கள் மென்பொருள்கள் சேர்த்து வைத்திருக்கின்றன, என் குடும்பத்தையும்தான். வரைபடத்தில் புள்ளி வைக்கவும், ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துக் காட்டவும் உங்களுக்கு இன்றைய இடம் தெரிய வேண்டும் என்பதும் புரிகிறது. அந்த வசதியை எடுத்துவிடச் சொல்லவில்லை. இன்றைய பெயரையும் அட்சரேகை, தீர்க்கரேகையையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊகம் என்றால் ஊகம் என்று குறித்து வையுங்கள். ஆவணத்தில் உள்ள பெயரை உள்ளபடி விடுங்கள். அதை மாற்ற வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கேட்டு, நாங்கள் சரி என்ற பிறகு மாற்றுங்கள். ஏற்றுமதி செய்யும்போதும் முதல் இடம் ஆவணப் பெயருக்கே இருக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள், இது அவசரமானது. இதுவரை இப்படி மாற்றிய மரங்களின் முந்தைய பிரதிகள் உங்கள் சேமிப்பகங்களில் இன்னும் இருக்கலாம். பழைய பிரதிகளை நீங்கள் ஒருநாள் துடைத்துவிடுவீர்கள் என்பதால் கேட்கிறேன். அதற்கு முன்பாக, மாற்றத்துக்கு முந்தைய இடப்பெயர்களை மட்டுமாவது ஒரு சாதாரண உரைக் கோப்பாகப் பதிவிறக்க வழி செய்து கொடுங்கள். எந்தப் பெயர் எந்த ஆளின் எந்த நிகழ்வோடு இருந்தது என்று தெரிந்தால் போதும், மீதி வேலையை நாங்களே செய்துகொள்கிறோம்.

நன்றியுடன்,
உங்கள் பயனர்களில் ஒருவர்